பெண் உண்ணியின் வயிற்றில் ஒரு பை

மாட்டைக் கழுவும்போது மடிக்குப் பக்கத்தில் கைக்கு ஒன்று தட்டுப்படும். ஆமணக்கு முத்து அளவு இருக்கும், சாம்பல் நிறம், வழவழவென்று புடைத்திருக்கும். பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடுவோம். நாட்டுக்கோழி பக்கத்தில் நின்றால் கொத்திக்கொள்ளும். இல்லையென்றால் அது சாணிக்குள்ளேயோ தீவனத் தொட்டியின் அடி வெடிப்புக்குள்ளேயோ மெதுவாக நகர்ந்து போய்விடும். மாட்டை விட்டு இறங்கிவிட்டால் இரத்தம் கிடைக்காது, தானாகச் செத்துப்போகும் என்பது நம்மில் பலருடைய கணக்கு. சாவது உண்மைதான். ஆனால் சாவதற்கு முன்னால் ஏறக்குறைய இரண்டாயிரம் முட்டைகளை வைத்துவிட்டுத்தான் சாகும்.

இறங்கிய பிறகு அதற்குத் தீனி கிடையாது, பக்கத்தில் ஆண் உண்ணியும் கிடையாது. பிறகு எப்படி அத்தனை முட்டையும் குஞ்சு பொரிக்கிறது? ஆணிடமிருந்து வாங்கியதை அது மாட்டின் மேலேயே வாங்கி, வயிற்றுக்குள் ஒரு பையில் பத்திரப்படுத்திக்கொண்டுதான் கீழே விழுகிறது. இந்தப் பையைப் புரிந்துகொண்டால், எந்த நாளில், எந்த அளவு உண்ணியைப் பிடுங்க வேண்டும், பிடுங்கியதை எங்கே போட வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும். அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில், எந்த உண்ணி என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மாடுகளில் பரவலாக இருக்கும் மாட்டு உண்ணிக்கு அறிவியல் பெயர் ரிப்பிசெபாலஸ் மைக்ரோப்ளஸ். உண்ணி பூச்சி இனம் இல்லை; சிலந்தி, தேள் வகையறா. வளர்ந்ததற்கு எட்டுக் கால், முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு மட்டும் ஆறு கால். இந்தக் குறிப்பிட்ட உண்ணி 'ஒரே மாட்டு' உண்ணி. குஞ்சாக ஏறினால், இரண்டு முறை தோல் உரித்து, பெரிதாகி, இணை சேர்ந்து, இரத்தம் குடித்து முடியும்வரை அதே மாட்டில்தான் இருக்கும். ஏறிய நாளிலிருந்து இறங்கும் நாள்வரை சராசரியாக 21 நாள். முதல் வாரம் ஆறுகால் குஞ்சு, இரண்டாவது வாரம் எட்டுக்கால் இளசு, மூன்றாவது வாரம் வளர்ந்த ஆணும் பெண்ணும். இந்த மூன்று வாரக் கணக்கை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாம் பிடுங்கும் பெரிய உண்ணி எல்லாமே பெண்தான். ஆண் எள்ளைவிடப் பெரிதாக வளராது, பழுப்பாக இருக்கும், அதிகம் இரத்தமும் குடிக்காது. பெண்ணுக்குக் கீழே, வயிற்றோடு வயிறாக ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய உண்ணியைப் பிடுங்கும்போது கூடவே ஒரு பொடி உண்ணி ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் குட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. குட்டி இல்லை, அதுதான் புருஷன். பெண் மூன்று வாரத்தில் இறங்கிவிடும். ஆண் மாட்டின் மேலேயே ஒரு மாதத்துக்கு மேலும் தங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெண்களோடு சேரும்.

சேரும் விதம் கொஞ்சம் விசித்திரமானது. காளைக்கு இருப்பதுபோல ஆண் உண்ணிக்குச் சேர்க்கை உறுப்பே கிடையாது. பெண் உண்ணி ஒரு வாசனையை வெளியிடும். அதைப் பிடித்துக்கொண்டு வந்து, பெண்ணின் முதுகில் ஏறி, சுற்றி இறங்கி அடிவயிற்றுக்குப் போகும். பெண்ணின் துவாரம் நாம் நினைப்பதுபோல வால் பக்கம் இல்லை. அடிப்பக்கத்தில், வாய்க்குக் கொஞ்சம் பின்னால், முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆண் தன் வாயுறுப்பை அந்தத் துவாரத்துக்குள் விட்டு முதலில் வழியைத் திறக்கும். பிறகு தன் துவாரத்திலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை வெளியே தள்ளி, அதை வாயுறுப்பாலேயே கவ்வி, பெண்ணின் துவாரத்தில் வைத்து அழுத்தும். பொட்டலத்துக்கு இரண்டு உறை. வெளி உறை வெளியிலேயே நின்றுவிடும், விந்து நிறைந்த உள் உறை மட்டும் உள்ளே போகும். விந்தைக் கட்டிக் கொடுப்பது தேளிலும் உண்டு; உண்ணி அதை வாயால் எடுத்து ஊட்டுகிறது.

இப்போது பெண்ணின் உடலுக்குள் போவோம். துவாரத்தைத் தாண்டினால் சிறிய யோனிக் குழாய். அந்தக் குழாயின் பக்கத்திலிருந்து பை ஒன்று புடைத்து நிற்கும். அதுதான் விந்துப் பை. ஆண் கொடுத்த உள் உறை இதில்தான் வந்து தங்குகிறது. பையைத் தாண்டி உள்ளே போனால் கருப்பை, அங்கிருந்து இரண்டாகப் பிரியும் சுருண்ட கருக்குழாய்கள், அவை இரண்டும் போய்ச் சேருமிடம் சூலகம். பசுவுக்கு இரண்டு சூலகம். உண்ணிக்கு ஒன்றே ஒன்று. குதிரை லாடம் மாதிரி வளைந்து உடலின் பின்பகுதியில் கிடக்கும். பசியோடிருக்கும் பெண்ணிடம் அது வெறும் நூல்தான். இரத்தம் குடித்து முடித்த பிறகு அதே நூலின் மேல் திராட்சைக் கொத்துபோல முட்டைகள் காய்த்துத் தொங்கும். ஒரே கொத்தில் பிஞ்சும் இருக்கும், முற்றியதும் இருக்கும். முற்ற முற்ற ஒவ்வொன்றாகக் கருக்குழாயில் இறங்கும்.

விந்துப் பை வெறும் கிடங்கு இல்லை. ஆண் கொடுக்கும்போது விந்தணு முழுசாக முற்றியிருக்காது. பெண்ணின் உடலுக்குள் வந்த பிறகுதான் கடைசிக் கட்ட வளர்ச்சி முடிகிறது. உறையை விட்டுக் கையுறையை உள்வெளியாகப் புரட்டுவதுபோலப் புரண்டு, நீளமாகி, அதன் பிறகே முட்டையோடு சேரத் தகுதி பெறுகிறது. அதற்கு வால் கிடையாது. காளையின் விந்தணு வாலை அடித்து நீந்தும், இது ஊர்ந்து நகரும். காளையின் விந்தணுவைவிடப் பல மடங்கு நீளமும்கூட. பையிலிருந்து கிளம்பி கருக்குழாய்ப் பக்கம் மேலேறி, இறங்கி வரும் முட்டைகளோடு சேர்கிறது.

தேனீ வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ராணித் தேனீயும் பறக்கும் நாட்களில் ஆண் தேனீக்களோடு சேர்ந்து, அந்த விந்தை ஒரு பையில் வைத்து வருஷக்கணக்கில் சிக்கனமாகச் செலவு செய்யும். மாட்டு உண்ணிக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. அது வாழ்க்கையில் ஒரே ஒரு ஈடுதான் முட்டை வைக்கும். ஆனால் வாங்கிய இடம் மாடு, செலவு செய்யும் இடம் கட்டுத்தரை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கடக்கத்தான் அதற்குப் பை வேண்டியிருக்கிறது.

இனி சொல்வதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே முக்கியமாகப் படுகிறது. இணை சேராத பெண் உண்ணி வயிறு நிறையக் குடிப்பதில்லை. கொஞ்சம் குடித்துவிட்டு, ஆண் வரும்வரை அப்படியே கடித்துக்கொண்டு காத்திருக்கும். ஆப்பிரிக்காவில் மாடுகளைப் பிடிக்கும் ஆம்ப்ளியோமா ஹெப்ரேயம் என்ற உண்ணியில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். சேராத பெண் தன் எடையைப்போலப் பத்து மடங்கு வரை போய் நின்றுவிடும். சேர்ந்த பெண் நூறு மடங்கு வரை போகும். கனடாவின் அல்பெர்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைஸ், காஃப்மன் என்ற இருவர் 2004-இல் இதற்கான காரணத்தைக் கண்டு சொன்னார்கள். ஆண் உண்ணியின் விதைப் பகுதியில் சுரக்கும் புரதங்கள் விந்தோடு சேர்ந்து பெண்ணுக்குள் போகின்றன. அவைதான் 'இனி குடிக்கலாம்' என்ற உத்தரவு. அந்தப் புரதத்தைச் சேராத பெண்ணின் உடலில் ஊசியால் செலுத்தியபோது, ஆணே இல்லாமல் அது புடைக்கக் குடித்தது.

யோசித்துப் பாருங்கள். விந்து இல்லாமல் இரத்தம் குடித்தால் வீண் முட்டைதான் வரும். உடம்பு அந்தச் செலவை முன்கூட்டியே தடுத்து வைத்திருக்கிறது. நம் மாட்டு உண்ணியிலும் சேராத பெண் முழுசாகப் புடைப்பதில்லை. அப்படியென்றால், மாட்டின் மேல் புடைத்த உண்ணி ஒன்றைப் பார்த்தால் அதன் பை நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சந்தேகமே வேண்டாம்.

சேர்ந்த பிறகும் பெண் உடனே புடைத்துவிடாது. சில நாட்கள் பச்சைப்பயறு அளவில் நிற்கும். கடைசி ஓர் இரவில்தான் மளமளவென்று குடித்து ஆமணக்கு முத்தாகிறது. விடிகாலையிலும் காலை நேரத்திலும் கீழே விழுகிறது. ஆஸ்திரேலியாவில் வார்ட்டன், அட்டெக் என்ற இருவர் 1970-இல் இதை அளந்து ஒரு கணக்கு கொடுத்தார்கள். 4.5 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை உள்ள பெண் உண்ணி அடுத்த ஒரு நாளுக்குள் குடித்து முடித்து விழுந்துவிடும். இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் மாட்டில் உண்ணி எண்ணும்போது இந்த அளவை வைத்துத்தான் எண்ணுகிறார்கள்.

நமக்கு இதில் கிடைப்பது ஒரு நேரம். சாயங்காலம் பால் கறந்த பிறகு மாட்டைத் தடவிப் பாருங்கள். மடி, தொடை இடுக்கு, அலைதாடி, வாலடி, காதின் உள்பக்கம். பயறு அளவில் கைக்குக் கிடைப்பதையெல்லாம் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் தேடினால், போக வேண்டியது போய், அடுத்த நாளைக்கு விழப்போவதுதான் மாட்டில் இருக்கும். நிறைய பேர் காலையில் குளிப்பாட்டும்போதுதான் உண்ணி பார்க்கிறார்கள். அந்த வேலையை முந்தின நாள் சாயங்காலத்துக்கு மாற்றினால் போதும், செலவே இல்லாமல் பலன் கூடும்.

எடுத்ததைத் தரையில் போடவே கூடாது. அரைகுறையாகக் குடித்ததுதானே, முட்டை வைக்காது என்று விடவும் கூடாது. சேர்ந்த பெண் ஓர் எடையைத் தாண்டிவிட்டால், பாதியில் பிடுங்கினாலும் குடித்த அளவுக்கு ஏற்ப முட்டை வைத்துவிடும். ஒரு பழைய டப்பாவில் சோப்புக் கரைசலும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அடுப்பு நெருப்பில் போடுங்கள். விரலால் நசுக்குவது வேண்டாம். அதன் இரத்தத்தில் மாட்டுக்கும் சில சமயம் மனிதருக்கும் ஆகாத கிருமிகள் இருக்கும். குஜராத்தில் 2011-இல் மனிதர்களைக் கொன்ற கிரிமியன்-காங்கோ காய்ச்சலைப் பரப்புவது ஹயலோமா என்ற வேறொரு உண்ணி வகை. கட்டுத்தறியில் நிற்கிற அவசரத்தில் எது எந்த வகை என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது?

கீழே விழுந்ததற்குப் பிறகு நடப்பதை நீங்களே பார்க்கலாம். புடைத்த உண்ணி ஒன்றை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை நெருக்கமான துணியால் இறுக்கிக் கட்டி, நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் உள்ளே இரத்தம் முட்டைக் கருவாக மாறிக்கொண்டிருக்கிறது. அப்புறம் பழுப்பு நிறத்தில் மணிமணியாக முட்டை வரத் தொடங்கும். முட்டை பின்னால் விழாது, தலைக்கு முன்னால் குவியும். துவாரம் முன்பக்கம் இருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், தலைக்கு மேல் ஓட்டுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டு வரும் ஓர் உறுப்பு. ஈரமான குட்டி விரல்கள் மாதிரி இருக்கும். முதலில் கவனித்து எழுதிய இத்தாலியர் ஜெனேயின் பெயரால் அதை 'ஜெனே உறுப்பு' என்பார்கள். வெளியே வரும் ஒவ்வொரு முட்டையையும் அது வாங்கி, மெழுகு பூசி அனுப்புகிறது. 1948-இல் லீஸ், பீமென்ட் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் இந்த மெழுகு வேலையை விளக்கினார்கள். மெழுகு பூசாத முட்டை காற்றில் காய்ந்து சுருங்கிவிடும். கட்டுத்தரை வெடிப்பில் வாரக்கணக்கில் முட்டை தாக்குப்பிடிப்பது இந்தப் பூச்சால்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். நன்றாகக் குடித்த பெண் ஏறக்குறைய 200 மில்லிகிராம் எடை இருக்கும். அதில் பாதி முட்டையாக மாறும் என்று வைத்தால் 100 மில்லிகிராம். ஒரு கிராம் முட்டையில் சுமார் 20,000 இருக்கும். ஆக ஓர் உண்ணிக்கு 2,000 முட்டை. சாயங்காலம் பத்து உண்ணி எடுத்தால் இருபதாயிரம். இரண்டு வாரத்தில் பாட்டிலில் இருக்கும் தாய் சுருங்கித் தோலாகிவிடும். பொரிக்க மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை காத்திருக்காமல் கொதிநீர் ஊற்றி அழித்துவிடுங்கள். குஞ்சு வந்துவிட்டால் துணியின் இழை வழியாகவே வெளியேறிவிடும்.

அந்த முட்டையோடு வேறொன்றும் போகிறது. மாடு சிவப்பாக மூத்திரம் போய், காய்ச்சலில் படுத்துவிடும் நோய் தெரியும் அல்லவா? அதற்குக் காரணம் பெபீசியா என்ற நுண்ணுயிர். அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் இருவரும் டெக்சாஸ் காய்ச்சல் என்று அங்கே அழைக்கப்பட்ட இதே நோயை ஆராய்ந்து, உண்ணிதான் பரப்புகிறது என்று 1893-இல் நிரூபித்தார்கள். ஆறுகால், எட்டுக்கால் ஜீவன்கள் நோயைக் கடத்தும் என்று உலகத்துக்கு முதலில் உறுதியாகக் காட்டிய ஆராய்ச்சிகளில் ஒன்று இது. ஒரே மாட்டில் வாழ்ந்து முடிக்கும் உண்ணி எப்படி அடுத்த மாட்டுக்கு நோயைக் கொண்டு போகும்? சூலகம் வழியாகத்தான். நோயுள்ள மாட்டில் குடிக்கும்போது கிருமி குடலிலிருந்து சூலகத்துக்குள் புகுந்து, முட்டைக்குள் தங்கி, பொரிக்கும் குஞ்சோடு வேறொரு மாட்டில் ஏறுகிறது. தைலீரியா நோய்க் கிருமிக்கு முட்டை வழி கிடையாது. அதைக் கடத்தும் ஹயலோமா உண்ணி மாடு விட்டு மாடு மாறுகிறது என்பதால் அதற்கு அந்த வழி தேவைப்படவும் இல்லை.

மருந்துக் கடையில் கிடைக்கும் உண்ணி மருந்துகள் பல இடங்களில் வேலை செய்யாமல் போனதற்கும் இந்தப் பைக்கும் தொடர்பு உண்டு. ஒரு பெண்ணின் முட்டைக் குவியலில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களின் வாரிசுகள் இருப்பதை மரபணுச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். மருந்து அடித்தபின் தப்பிப் பிழைத்த ஓர் ஆண், மாட்டின் மேல் ஒரு மாதம் சுற்றிப் பல பெண்களின் பையில் தன் பங்கைப் போட்டுவிடுகிறது. அடுத்த தலைமுறையில் தாங்கும் சக்தி பரவ அது போதும். அதே மருந்தை அடிக்கடி அடிக்கிறோம், தாங்காதது சாகிறது, தாங்கியது சேர்கிறது.

நம் பக்கத்து வழிகளில், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி அவர்கள் மூலம் பரவிய மூலிகைத் தெளிப்பு பலரும் அறிந்தது. பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் நீரில் கலந்து, வடிகட்டி, வெயில் நேரத்தில் மாட்டின் உடல் முழுக்கத் தெளிக்க வேண்டும். கொட்டகை வெடிப்புகளிலும் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை என்பது முக்கியம். முதலில் சொன்ன 21 நாள் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். வாரம் ஒன்று தெளித்தால், ஒரு உண்ணி இறங்குவதற்குள் குஞ்சு, இளசு, வளர்ந்தது என்று மூன்று பருவத்திலும் ஒருமுறை மாட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை தெளித்தால் ஒரு கூட்டமே நடுவில் ஏறி, சேர்ந்து, பையை நிரப்பி இறங்கிவிடும். வேம்பைப் பற்றி இன்னொன்று: பிரேசிலில் நாய் உண்ணியில் வேப்பிலைச் சாற்றை வைத்துச் சோதித்தபோது, சூலகத்தில் முட்டைக்குள் கரு சேர்வதே தடைப்பட்டது. கண்ணெதிரே உண்ணி செத்து விழவில்லை என்பதற்காக வேம்பைக் குறை சொல்ல வேண்டாம் என்பேன்.

மெட்டாரைசியம், பவேரியா பூஞ்சைகளைப் பயிருக்குப் பயன்படுத்துகிறோம். இவை உண்ணியையும் பிடிக்கும், முட்டை எண்ணிக்கையையும் குறைக்கும். ஆனால் ஆய்வகத்தில் தரும் பலனை மாட்டின் மேல், வெயிலில், அப்படியே தருவதில்லை. ஈரமும் நிழலும் உள்ள கட்டுத்தரை மூலைகளில், விழுந்து கிடக்கும் பெண் உண்ணிக்கு எதிராகப் பயன்படுத்திப் பார்ப்பது மேல். கொட்டகைக் கூளத்தைக் கூட்டிச் சுவர் ஓரம் குவிக்காமல், நன்றாகச் சூடேறும் எருக்குவியலின் நடுவில் போடுங்கள். ஓரத்தில் போட்டால் சூடு எட்டாது, உண்ணிக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

நாட்டு மாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திமில் உள்ள இனங்களில் ஏறும் குஞ்சுகளில் மிகச் சிலவே புடைத்து இறங்கும்வரை போகின்றன. தோல் எதிர்க்கிறது, மாடும் நக்கி நக்கி எடுத்துவிடுகிறது. ஆஸ்திரேலியாக்காரர்கள் உண்ணிக்குப் பயந்து தங்கள் மாடுகளில் பிராமன் இரத்தத்தைக் கலந்தார்கள். பிராமன் இனமே ஓங்கோல், கிர் போன்ற இந்திய மாடுகளிலிருந்து உருவானது. கலப்பின மாடு வைத்திருப்பவர்கள் சாயங்காலத் தடவலை ஒருநாளும் விடக்கூடாது.

கடைசியாகக் கோழி வளர்ப்பவர்களுக்கு. கூட்டுக்குள் இரவில் வந்து கடிக்கும் கோழி உண்ணி வேறு குடும்பம். முதுகில் ஓடு இல்லாத மென் உண்ணி அது. அதற்குத் தனி விந்துப் பை கிடையாது, கருப்பையிலேயே சேமித்து வைக்கும். அரைமணி நேரம் குடித்துவிட்டு இறங்கி வெடிப்பில் ஒளியும், ஒரு சிறு ஈடு முட்டை வைக்கும், மறுபடி வந்து குடிக்கும், மறுபடி ஓர் ஈடு. ஒருமுறை வாங்கிய விந்து ஒன்றுக்கு மேற்பட்ட ஈடுகளுக்கு உதவும். மாட்டு உண்ணி ஒரே தடவையில் கொட்டித் தீர்ப்பதை இது தவணையில் செய்கிறது. பட்டினி கிடந்தும் இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்கும். ஆகவே கோழியின் மேல் தேடிப் பயனில்லை, பகலில் அது அங்கே இருக்காது. கோழிகள் ஏறி உட்காரும் கட்டைகளை எடுத்துக் கொதிநீர் ஊற்றுங்கள். சுவர் வெடிப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். கூட்டைக் காலியாக ஆறு மாதம் போட்டு வைத்தால் தானாகப் போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம்.